கொட்பேயில் இறங்கும் சூரைக்குக் கியூஆர் ஒட்டினால் கடலுக்கு என்ன பயன்?

கொட்பேக்கரை · வெள்ளி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில், சூரை வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனிக்காகத் தரம் பார்க்கிறேன். ஆறு வருடமாக இதே வேலை. பலநாள் படகு அணையும் நேரத்துக்கு இறங்குதுறையில் நிற்பேன், லொறிக் கதவு பூட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவேன்.

போன கிழமை கொழும்பில் ஒரு கூட்டம். இனி ஒவ்வொரு பெட்டியிலும் கியூஆர் ஒட்டப் போகிறார்களாம். வெளிநாட்டில் வாங்குகிறவர் போனைக் காட்டினால் படகின் படம், பதிவு இலக்கம், பிடித்த கடற்பரப்பு, பிடித்த திகதி எல்லாம் வரும். "நிலைபேறான விநியோகச் சங்கிலி" என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டார்கள். நல்ல வேலைதான், நானும் கை தட்டினேன். திரும்பி வரும்போது ஹபரணை தாண்டும் வரை ஒரே யோசனை. நான் தினமும் அளக்கிற விஷயம் அதில் எங்கேயும் இல்லையே.

நான் அளப்பது வெப்பம். மீனின் முதுகுப் பக்கத்தில் ஊசி வெப்பமானியைக் குத்தி, நடுமுள் தட்டுப்படும் வரை இறக்குவேன். தோல் எப்போதும் குளிராகத்தான் இருக்கும், ஐஸில் கிடந்ததல்லவா. முள்ளை ஒட்டிய சதைதான் உண்மை சொல்லும். நாற்பது கிலோ சூரை தூண்டிலில் மல்லுக்கட்டி ஏறும்போது அதன் உடம்புச் சூடு கடல் தண்ணீரை விடக் கூடியிருக்கும். அந்தச் சூடு நடுவிலிருந்து இறங்கப் பல மணித்தியாலம் எடுக்கும். ஐஸ் போதாவிட்டால் சதையில் இருக்கிற ஹிஸ்டிடினைப் பற்றீரியா ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மணக்காது, நிறம் மாறாது. பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் போகாது, சமைத்தாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு தொகுதிக்கு ஒன்பது மாதிரி எடுத்துப் பார்த்து, சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் ஏற்க மாட்டார்கள்.

போன வருடம் நாங்கள் அனுப்பிய ஒரு தொகுதி இந்தச் சோதனையில் தோற்றது. ஏற்றும்போது நான் எழுதியது 3 பாகை. ஆகவே லொறிச் சாரதிதான் டீசல் மிச்சம் பிடிக்க வழியில் குளிரூட்டியை நிறுத்தியிருக்கிறார் என்று முடிவு கட்டி, இரண்டு கிழமை அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. மூன்று பிள்ளைகளின் தகப்பன். பிறகுதான் பெட்டிக்குள் கிடந்த பதிவுக் கருவி ஞாபகம் வந்தது. சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெப்பத்தைக் குறித்து வைக்கும். கணினியில் போட்டுப் பார்த்தால் கொட்பே முதல் தொழிற்சாலை வாசல் வரை கோடு 1க்கும் 2க்கும் நடுவில் நேராகக் கிடக்கிறது. மீன் லொறியில் கெடவில்லை, படகிலேயே கெட்டிருக்கிறது. 26 நாள் பயணத்தில் முதல் நாட்களில் பிடித்து அடியில் போட்ட மீன், நடுவில் எப்போதோ சூடாகி, திரும்பக் குளிர்ந்து, என் ஊசிக்கு 3 பாகை காட்டியிருக்கிறது. அறிக்கையில் கையெழுத்து என்னுடையது. அந்த மனிதரின் முகம் பார்த்துப் பேச எனக்கு இன்னும் கூச்சம்.

லொறியில் கருவி வைக்கக் காசு இருந்தது, படகில் வைக்க இல்லை. கியூஆருக்கும் இப்போது காசு வந்திருக்கிறது. இந்த டிஜிட்டல் எல்லாம் யாருக்குத் தெரிய வேண்டியதை யாருக்குக் காட்டுகிறது? கடலுக்கும் கரைக்கும் இதில் உண்மையான பயன் இருக்கிறதா? தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.


நிலாவெளிக்காற்று · வெள்ளி, இரவு 10.47

அக்கா, நானும் ஊர்க்காரன்தான். கொழும்பில் மென்பொருள் எழுதுகிறேன். இப்படியான ஒரு திட்டத்தில் ஒரு வருடம் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தடம் காணும் வசதி வீண் இல்லை. வால்மார்ட் கடைகளில் ஒரு மாம்பழப் பொதி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஏறத்தாழ ஏழு நாள் எடுத்தது. புளொக்செயின் என்ற கணினிப் பதிவேட்டு முறையில் பதிந்து பார்த்தபோது 2.2 விநாடியில் தெரிந்தது. அந்த வேகத்தால் வரும் நன்மை பெரியது. கெட்ட தொகுதியை மட்டும் நிறுத்தலாம், நல்லதையும் சேர்த்துக் கொட்ட வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாததா, ஒரு கிலோ மீனைக் கொட்டினால் அதைப் பிடித்த டீசல், அதற்குப் போட்ட ஐஸ், இழுத்த பெடியன்களின் உழைப்பு எல்லாம் கொட்டுப்படுகிறது.

ஆனால் புளொக்செயின் செய்வது ஒன்றே ஒன்று. எழுதியதைப் பிறகு யாரும் களவாக மாற்ற முடியாது. எழுதியது சரியா என்று அதற்குத் தெரியாது. உங்கள் 3 பாகையை அதில் பதிந்திருந்தால் அது அழியாத 3 பாகையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, மேர்ஸ்க் கப்பல் கொம்பனியும் ஐபிஎம் கணினிக் கொம்பனியும் சேர்ந்து 2018 இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் உலகக் கப்பல் சரக்குக்கே பொதுப் பதிவேடாக வரும் என்றார்கள். 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள், அடுத்த வருடத் தொடக்கத்தில் நின்றுவிட்டது. தொழில்நுட்பத்தில் பிழை இல்லை. போட்டிக் கொம்பனி நடத்துகிற புத்தகத்தில் தன் கணக்கை எழுத மற்றவர்கள் தயங்கினார்கள். கணக்குப் புத்தகம் யார் கையில் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தச் சங்கிலியும் ஒன்றுசேராது என்று நான் அப்போது விளங்கிக்கொண்டேன்.

ஏற்றுமதிப் பக்கம் இது இனி விருப்பத்துக்குரிய விஷயமும் இல்லை. 2010 முதல் ஐரோப்பாவுக்குப் போகும் கடல் மீனுக்குப் பிடிச் சான்றிதழ் வேண்டும். 2026 ஜனவரி 10 முதல் அங்கே இறக்குமதி செய்கிறவர் அதைக் கடதாசியில் நீட்ட முடியாது, கட்ச் என்ற இணையவழி முறையில் பதிய வேண்டும். அமெரிக்காவும் 2018 முதல் சூரைக்குப் பிடித்த இடம், முறை, படகு எல்லாம் கேட்கிறது.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. புதுச் சூரை கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் போகிறது. ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக விமானம் விடும் கரி கப்பலை விடப் பல பத்து மடங்கு. அந்தக் கியூஆரில் விமானம் வருமா?


கொட்பேக்கரை · வெள்ளி, இரவு 11.05

வராது தம்பி. கூட்டத்தில் காட்டிய மாதிரியில் படகு இருந்தது, மீன் இருந்தது, பின்னால் சூரியன் உதிக்கிற படம் ஒன்று இருந்தது. விமானம் இல்லை.


சம்மாட்டி மகன் · சனி, காலை 6.30

அக்கா, உங்கள் ஊசியை எங்கள் படகு மீனிலும் நீங்கள் குத்தியிருப்பீர்கள். அப்பா இரண்டு பலநாள் படகு வைத்திருக்கிறார், கணக்கு வழக்கு நான்.

விஎம்எஸ், அதாவது படகு நிற்கிற இடத்தைச் செய்மதி வழியாகக் காட்டும் கருவி, வந்த கதையைச் சொன்னால்தான் எங்கள் பக்கம் விளங்கும். 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டியது. சர்வதேசக் கடலில் பிடிக்கிற படகுகளைக் கண்காணிக்க வழியில்லை, பதிவில்லை என்றார்கள். 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை. 2015 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து எங்கள் மீன் அங்கே போகவில்லை. 2016 ஜூனில்தான் தடையை எடுத்தார்கள். அந்த ஒன்றரை வருடம் வீட்டில் அம்மாவின் நகை வங்கியில் இருந்தது. ஆகவே செய்மதிக் கருவி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைப் பொருத்தியதால்தான் சந்தை திரும்பியது. 2022 இல் அவுஸ்திரேலியா நாலாயிரத்துக்கு மேற்பட்ட கருவிகளைத் தந்தது. அது முதலில் ஆட்கடத்தலைத் தடுக்க. மீன் இரண்டாவது. கருவி வேலை செய்யாவிட்டால் புறப்பட அனுமதி இல்லை.

இப்போது நிலைமை இதுதான். எங்கள் படகு எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கொழும்புக்குத் தெரியும். ஐரோப்பாவில் சாப்பிடுகிறவருக்கும் இனித் தெரியும். கரையில் இன்றைக்குச் சூரை என்ன விலை என்று கடலில் நிற்கிற எங்கள் ஓட்டிக்குத் தெரியாது. ரேடியோவில் கேட்டால் ஆளுக்கொரு விலை சொல்வார்கள். எந்த நாள் திரும்பினால் இறங்குதுறையில் நெரிசல் இருக்காது, எந்த ஐஸ் பக்டரியில் கட்டி இருக்கிறது, இதெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்கிறதில்லை. தரவு மேலே போகிறது, கீழே ஒன்றும் வருவதில்லை.

நீங்கள் சொன்ன அடி மீன் கதை உண்மை. பயணம் நீள நீள அடியில் கிடக்கிற மீன் அடிபடும். தெரிந்துதான் நடக்கிறது. ஏனென்றால் டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுத்த காசை எடுக்காமல் படகு திரும்பாது. பதினைந்து நாளில் திரும்பி நல்ல மீன் கொடுத்தாலும், முப்பது நாளில் திரும்பிப் பழைய மீன் கொடுத்தாலும், கிலோவுக்குக் கிடைக்கிற வித்தியாசம் எங்களைச் சீக்கிரம் திரும்ப வைக்கிற அளவுக்கு இல்லை. அந்த விலையை மாற்றாமல் பெட்டியில் என்ன ஒட்டியும் என்ன செய்ய?


கிண்ணியா லொறி · சனி, காலை 9.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கொட்பேயிலும் கிண்ணியாவிலும் மீன் எடுத்துப் பேலியகொடை மீன் சந்தைக்கு ஏற்றுகிறேன். எனக்கு ஐரோப்பா இல்லை, உள்ளூர்ச் சந்தைதான். தங்கச்சி அந்தச் சாரதியைப் பற்றி எழுதியது நெஞ்சில் பட்டது. எங்கள் பிழைப்பில் கடைசியில் நிற்கிற ஆளின் தலையில்தான் எல்லாம் விடியும்.

உள்ளூர் மீனுக்குக் கியூஆர் எதற்கு என்று கேட்கிறார்கள். 2021 ஐ மறந்துவிட்டீர்களா? மே 20 ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது. நைத்திரிக் அமிலம், பிளாஸ்ரிக் மணி என்று கடல் நிறைந்தது. ஜூன் 2 ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. மேற்குக் கரையில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள், அது சரி. ஆனால் இங்கே, தீவின் மற்றப் பக்கத்தில் பிடித்த பாரையையும் அறுக்குளாவையும் யாரும் தொடவில்லை. நான் கடைக்காரரிடம் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இது திருகோணமலை மீன், நானே ஏற்றினேன்" என்றால், "நானா, உங்களை நான் நம்புகிறேன், வாங்க வருகிறவன் நம்ப மாட்டானே" என்றார். இரண்டு லோட் கருவாட்டுக்குப் போனது. அன்றைக்கு எந்தத் துறையில் இறங்கியது என்று காட்ட நம்பிக்கையான ஒரு துண்டு இருந்திருந்தால் இந்தக் கரைக்காரர் தப்பியிருப்பார்கள். கியூஆர் என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்கு 2022 எரிபொருள் வரிசை படிப்பித்துவிட்டது. வாங்குகிறவருக்கு ஸ்கான் பண்ணத் தெரியும்.

அடுத்தது லொறி. என் கூலர் லொறி லீற்றருக்கு ஆறரை கிலோமீற்றர் ஓடும். போய்வர 520 கிலோமீற்றர், 80 லீற்றர் டீசல். மகள் கணக்குப் பார்த்துச் சொன்னாள், ஒரு லீற்றர் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு, அப்படியென்றால் ஒரு பயணம் 216 கிலோ. இரண்டாயிரம் கிலோ மீன் ஏற்றினால் கிலோவுக்கு நூறு கிராம் சொச்சம். எண்ணூறு கிலோவோடு போனால் 270 கிராம். முக்கால்வாசி நாள் நான் எண்ணூறோடுதான் போகிறேன். அதே நேரம் எனக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதே அரை லோட்டோடு.


நிலாவெளிக்காற்று · சனி, காலை 9.41

நானா, இதற்கு ஒரு சின்ன அப் போதுமே. யாரிடம் எவ்வளவு லோட், எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று போட்டால் மூன்று லொறி ஒன்றாகும். திரும்பும்போது வெறுமனே வராமல் கொழும்பிலிருந்து சாமானும் ஏற்றலாம். ஒரு மாதத்தில் எழுதித் தருவேன்.


கிண்ணியா லொறி · சனி, மாலை 4.15

தம்பி, உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் மீன் லொறியில் யோகட்டும் ஐஸ்கிரீமும் யார் ஏற்றுவார்? கழுவினாலும் வாடை போகாது, உணவுச் சட்டமும் விடாது. திரும்பும்போது வெறும் ரெஜிபோம் பெட்டிதான் வரும்.

மூன்று லொறியை ஒன்றாக்குவதற்கு அப் இல்லாததா தடை? பேலியகொடையில் இரவு முதல் போய் இறக்குகிறவனுக்கு ஒரு விலை, விடியப் போகிறவனுக்கு வேறு விலை. என் மீனைப் பக்கத்து முதலாளியின் லொறியில் ஏற்றினால் யாருடைய பெட்டி முதலில் இறங்கும்? யாருடைய மீனுக்கு ஐஸ் குறையும்? தங்கச்சியின் அந்தப் பொத்தான் கருவி ஒவ்வொருவர் பெட்டியிலும் இருந்து, இறக்கிய நேரமும் எல்லோருக்கும் தெரிந்தால், நான் நாளைக்கே சேர்ந்து ஏற்றத் தயார். ஆளை ஆள் நம்பாத இடத்தில்தான் கருவி வேண்டும். அப்படி ஒன்றை எழுதித் தாருங்கள்.


திருக்கடலூர் · சனி, இரவு 8.02

மகள்தான் தட்டுகிறாள், சொல்வது நான். வயது அறுபத்தெட்டு. பைபர் போட், 15 குதிரைவலு மண்ணெண்ணெய் இயந்திரம். இரவில் போய் விடியத் திரும்புகிற தொழில்.

நீங்கள் பேசுகிற விஎம்எஸ், சான்றிதழ் எல்லாம் பெரிய படகுக்கு. இந்தக் குடாவைச் சுற்றி, குச்சவெளி, இறக்கக்கண்டி, வெருகல் வரைக்கும் இருக்கிற எங்களைப் போன்ற சின்னப் படகுகளின் மீனை யாரும் எழுதுவதில்லை. எழுதாத மீன் எவ்வளவு குறைந்தது என்று யாருக்குத் தெரியும்? மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது நாங்கள் எத்தனை பேர் தொழிலை விட்டோம் என்றும் எந்தக் கணினியிலும் இல்லை.

பிள்ளை, உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் கியூஆரில் படகு சரியாக இருக்கும், இடம் சரியாக இருக்கும், திகதியும் சரியாக இருக்கும். ஆனால் அந்த மீன் டைனமைட்டில் செத்ததா வலையில் செத்ததா என்று வருமா? எனக்குப் பார்த்தால் தெரியும். வால் பக்கம் பிடித்துத் தூக்கினால் மீன் துணி மாதிரித் தொங்கும், நடுமுள் உடைந்திருக்கும். கீறினால் காற்றுப்பை வெடித்து, முள்ளோரம் இரத்தம் கட்டியிருக்கும். இறங்குதுறையில் வாங்குகிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் விலை குறைத்து வாங்குகிறார்கள். ஒரு வெடியில் பவளப் பார் உடைந்தால் அது திரும்ப வளர என் பேரன் காலமும் போதாது. அதை எழுத உங்கள் கருவியில் ஒரு கட்டம் போடுங்கள். கை வைத்துப் பார்க்கிறவன் எழுதட்டும்.

தம்பிமார் மீன் தேடுகிற கருவி பற்றியும் பேசுவீர்கள். செய்மதியில் கடல் வெப்பம், பாசி பார்த்துச் சூரை எங்கே என்று நாரா என்ற அரச கடல் ஆய்வு நிறுவனம் முன்கூட்டிச் சொல்கிறது. தேடி அலைகிற டீசல் மிச்சம், நல்லதுதான். ஆனால் எக்கோ கருவி வந்த நாளிலிருந்து மீன் கூட்டத்துக்கு ஒளிய இடமில்லை. மிச்சம் பிடித்த எண்ணெயில் இன்னொரு தரம் வலை போடுகிறோம். இதை நான் என் கண்ணால் பார்த்தேன், நானும் செய்தேன்.


நிலாவெளிக்காற்று · சனி, இரவு 8.30

ஐயா, நீங்கள் கடைசியில் சொன்னதைப் பற்றி இரண்டு வருடம் படித்தும் நான் இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. டைனமைட்டுக்குக் கட்டம் போடுவது கடினமில்லை. எழுதுகிறவருக்கு வருகிற ஆபத்துத்தான் கடினம். பெயர் வெளியில் வராமல் எழுத வழி வேண்டும்.


தம்பலகாமம் வயல் · ஞாயிறு, காலை 7.10

மீன்காரர் நடுவில் ஒரு விவசாயி. 2011 கடைசியில் மரக்கறி, பழம் ஏற்றப் பிளாஸ்ரிக் கூடை கட்டாயம் என்று சட்டம் வந்தது ஞாபகமா? சாக்கில் நசுங்கி வீணாவதைத் தடுக்க. காரணம் சரி. கூடை வாங்குகிற செலவு, வெறுங்கூடை திரும்பி வருகிற செலவு, லொறியில் லோட் குறைகிற நட்டம் எல்லாம் எங்கள் தலையில். எதிர்ப்பு வந்தது, சட்டம் நிற்கவில்லை. இன்றும் கத்தரிக்காய் சாக்கில்தான் தம்புள்ளைக்குப் போகிறது. உங்கள் கருவிக்கு யார் காசு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.


சம்மாட்டி மகன் · ஞாயிறு, இரவு 9.55

அப்பாவிடம் பேசினேன். முதலில் "இன்னொரு கருவியா, நாங்கள் என்ன கள்ளரா" என்று கேட்டார். பிறகு நானா எழுதியதை வாசித்துக் காட்டினேன். சரி, அக்கா, எங்கள் படகின் ஐஸ் அறையில் உங்கள் பதிவுக் கருவியை வைக்கலாம். மூன்று விஷயம் சொல்லிவிட்டார். பதிவை முதலில் எங்கள் ஓட்டி பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கொம்பனி. குறை தெரிந்தால் விலையை வெட்ட அதைப் பாவிக்கக் கூடாது. நல்ல கோடு வந்தால் அந்த மீனுக்குத் தனி விலை. மூன்றாவதுக்கு உங்கள் மேலிடம் சம்மதிக்குமா?


கொட்பேக்கரை · திங்கள், இரவு 10.20

கேட்டேன். தனி விலை பற்றி "பார்க்கலாம்" என்றார்கள். முதல் இரண்டையும் எழுத்தில் வாங்கிவிட்டேன். நாலு கருவி தருகிறேன். அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கடைசியை ஓட்டியே தான் விரும்புகிற இடத்தில் வைக்கட்டும். தண்ணீர் புகாத உறையில் போட்டு மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறேன், ஐஸுக்குள் தேடினால் கண்ணில் படும். பதிகிற இடைவெளியை முப்பது நிமிடமாக மாற்றியிருக்கிறேன், ஒரு மாதம் தாங்கும்.


கொட்பேக்கரை · ஐந்து கிழமைக்குப் பிறகு, வியாழன், காலை 11.40

படகு நேற்று விடிய வந்தது. 24 நாள்.

சொன்ன சொல்லின்படி கருவியை முதலில் ஓட்டியின் கையில் கொடுத்தேன். இறங்குதுறையில் கவிழ்த்த பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்து, அவரும் நானும் சம்மாட்டி மகனும் பார்த்தோம். மேலேயும் நடுவிலும் இருந்த கோடுகள் பெரும்பாலும் 0க்கும் 3க்கும் இடையில். ஓட்டி தானே வைத்த கருவியும் அப்படித்தான். அடியில் இருந்தது பத்தாம் நாள் வரைக்கும் நல்ல பிள்ளை. பதினோராம் நாள் மத்தியானம் ஏறத் தொடங்கி 8 பாகைக்குப் போய், பத்தொன்பது மணித்தியாலம் அங்கேயே நின்று, பிறகு மெல்ல இறங்கியிருக்கிறது. கரைக்கு வரும்போது 2.

ஓட்டி திரையில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்றைக்குத்தான் பம்ப் நின்றது. உருகின தண்ணீர் அடியில் கட்டிவிட்டது. அடுத்த நாள்தான் திருத்தினோம். மீன் தண்ணீரில் கிடந்தால் இவ்வளவு ஏறும் என்று நான் நினைக்கவில்லை."

என் ஊசியை மட்டும் நம்பியிருந்தால் அடி மீனும் 2 பாகை, எல்லாம் ஒரே தரம், எல்லாம் ஒரே லொறி. இந்த முறை பதினோராம் நாளுக்கு முன் பிடித்து அடியில் கிடந்த மீனைத் தனியாக வைத்து, ஹிஸ்டமின் பார்க்க மாதிரி அனுப்பியிருக்கிறேன். மற்றதை அச்சமில்லாமல் ஏற்றினேன். முன்பென்றால் ஒன்று முழுத் தொகுதியும் போயிருக்கும், அல்லது முழுத் தொகுதியும் திரும்பியிருக்கும்.

அந்தச் சாரதிதான் நேற்றும் லொறி கொண்டு வந்தார். கோட்டை அவருக்கும் காட்டினேன். போன வருடம் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள் மிஸ்" என்றார், கண் கலங்கியது.


சம்மாட்டி மகன் · வியாழன், மதியம் 1.05

அக்கா நாகரிகமாக எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். தனி விலை இன்னும் வரவில்லை. ஆனால் அப்பா இரண்டாவது பம்ப் வாங்கச் சொல்லிவிட்டார். ஓட்டி அடுத்த பயணத்தை 18 நாளில் முடிக்கலாம் என்கிறார், ஐஸைக் கூட்டி, அடியில் பலகை அடித்து, மீனைத் தண்ணீர் தொடாமல் உயர்த்தி. கொம்பனி விலை தராவிட்டால் இந்தக் கோட்டைக் காட்டி வேறு ஆளிடம் விற்க முடியுமா என்று பார்க்கிறோம். பதிவு எங்கள் கையிலும் இருக்கிறதே.


நிலாவெளிக்காற்று · வியாழன், மாலை 6.18

அந்தப் பதிவைப் போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிவிட்டேன். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது, சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். படகுக்காரர் சம்மதித்து அனுப்பினால்தான் வேறு யாருக்கும் போகும். திருக்கடலூர் ஐயா சொன்ன கட்டமும் வைத்திருக்கிறேன், எழுதுகிறவர் பெயர் எங்கும் பதியாது. ஐயா, உங்கள் மகளுக்கு அனுப்புகிறேன், வார்த்தைகள் சரியா என்று பாருங்கள்.


திருக்கடலூர் · வியாழன், இரவு 7.50

அனுப்பு மகன். "காற்றுப்பை வெடிப்பு" என்று மட்டும் போடாதே. "நடுமுள் உடைவு" என்றும் போடு. ஆழத்திலிருந்து மேலே வருகிற சில மீனுக்குக் காற்றுப்பை தானாகவும் வெடிக்கும். தூண்டில்காரன் மேல் வீண்பழி விழக்கூடாது.


கிண்ணியா லொறி · வியாழன், இரவு 8.33

தங்கச்சி, அந்தக் கருவியில் எனக்கு மூன்று வேண்டும், காசு நான் தருகிறேன். பக்கத்து முதலாளி இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஒரே லொறியில் ஏற்றிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பெட்டியில் ஒன்று. மூன்று பேருக்கும் மூன்று நிறத்தில் கயிறு கட்டித் தாருங்கள்.